பம்பிங் 62 சதவீதம், ஆனாலும் மூச்சு வாங்குகிறது: ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் எக்கோ

கம்பத்தில் கிழக்கு வெளுக்கும் முன்பே ஜீப்புகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று வரிசையாக எல்லா ஊரிலிருந்தும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள், பிற்பகலில் திரும்புவார்கள். கீழே ஏறத்தாழ 400 மீட்டர், மேலே ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம். ஆக்சிஜன் குறைந்து மூச்சு வாங்குகிற உயரம் இல்லை இது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோயாளிக்கு ஓரிடத்தில் சொல்லப்பட்ட காரணம் "மலைக் காத்து ஒத்துக்கலை" என்பதுதான்.

58 வயதுப் பெண். முப்பது வருடத்துக்கு மேலாகத் தோட்ட வேலை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அளவுகளை மாற்றவில்லை. மகளோடு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மூன்று பழைய ஈசிஜி, ஒரு மார்பு எக்ஸ்ரே, மலைக்கு மேலே எடுத்த ஒரு எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட். எக்கோவின் கடைசி வரி: இஎஃப் 62 சதவீதம், இயல்பான ஆய்வு. (கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே இஎஃப்; எல்லோரும் பம்பிங் என்பது இதைத்தான்.) அந்த வரியை வைத்துத்தான் ஒன்றரை வருடமாக அவரை எல்லோரும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"பம்பிங் நல்லாருக்குன்னு சொல்றாங்க சார். ஆனா அம்மாவுக்கு முடியல" என்றார் மகள்.

நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏறுறது பரவால்ல சார். மெதுவா ஏறிருவேன். உக்காந்து காய் எடுக்கறப்பத்தான் முட்டுது" என்றார்.

இந்தப் பதிலில்தான் கேஸ் முழுக்க இருந்தது. அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது.

ஏலச்செடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆள் உயரத்துக்கு மேல் தழை நிற்கும், காய் மட்டும் தூரில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் இருக்கும். காய் எடுக்கிறவர் குத்தவைத்து, முன்னால் குனிந்து, விரலால் பழுத்ததைப் பிரித்துப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குப் பாதி எழுந்து, பாதி நகர்ந்து, மறுபடி உட்கார வேண்டும். நாள் முழுக்க. குத்தவைத்து உட்காரும்போது இரண்டு விஷயங்கள் நடக்கும். காலிலும் வயிற்றிலும் இருக்கிற ரத்தம் பிதுங்கி இதயத்துக்கு வரும். கூடவே தொடைத் தமனிகள் மடங்கி, எதிரே தள்ள வேண்டிய பாரம் கூடும். மருத்துவக் கல்லூரியில் மர்மர் (இதயத்தில் எழும் கூடுதல் இரைச்சல்) கேட்பதற்காக நோயாளியைக் குத்தவைக்கச் சொல்கிறோமே, அதே சோதனையை இவர் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்துகொண்டிருந்தார்.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. ரத்தக் கொதிப்பு பத்து வருடமாக. அட்டெனலால் 50, கூடவே ஒரு நீர் மாத்திரை. அட்டெனலாலை வேலை நாட்களில் போடுவதில்லை, "கால் துவளுது." நீர் மாத்திரையையும் போடுவதில்லை. காரணம் கேட்டபோது மகளைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. மகள்தான் சொன்னார்: ஜீப்பில் பதினைந்து பேர், தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று எந்தச் சீட்டிலாவது எழுதியிருக்கும். காலையில் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்த நாங்கள் யாரும் அந்த ஜீப்பில் போனதில்லை. தூக்குவாளியில் பழைய சோறு, கருவாடு அல்லது ஊறுகாய், உப்புக்குக் குறைவில்லை.

உயரம் 150 செ.மீ., எடை 61 கிலோ. நாடி 76, சீரானது. காலில் லேசான வீக்கம், நுரையீரல் சுத்தம். ஹீமோகுளோபின் 11.8, கிரியேட்டினின், தைராய்டு சரி, சர்க்கரை எல்லைக்கோட்டில். ஈசிஜியில் இடது கீழறை தடித்ததற்கான உயரமான அலைகள்.

கட்டிலில் நடந்தது

எக்கோ என்றால் படம் எடுப்பது மட்டும் என்று நினைக்கிறோம். பழைய ரிப்போர்ட்டில் ரத்த அழுத்தமே எழுதியிருக்கவில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஒரு மோட்டார் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்று எழுதிவிட்டு, எந்த உயரத்துக்கு இறைக்கிறது என்பதை விட்டுவிட்டால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? 110-க்கு எதிரே 62 சதவீதம் ஒன்று, 170-க்கு எதிரே 62 சதவீதம் வேறொன்று.

அதனால் முதல் வேலையாகக் கையில் ரத்த அழுத்தக் கஃப் கட்டினேன். இங்கே ஒரு சின்ன விஷயம். எக்கோவுக்கு இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கிறோம். அப்போது மேலே இருக்கிற வலது கையில் பார்த்தால், அந்தக் கை இதயத்துக்கு மேலே நிற்பதால் அழுத்தம் குறைவாகக் காட்டும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். அதையும் டாப்ளர் (எக்கோவில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் பகுதி) எடுக்கும் அதே நிமிடத்தில் பார்க்க வேண்டும். வாசலில் நர்ஸ் எழுதிய சீட்டு இதற்கு உதவாது. இரண்டாவது, ஈசிஜி லீட் மூன்றையும் ஒட்டினேன். பாதி இடங்களில் அந்த லீட் வயர் சுருட்டி மெஷினுக்குப் பின்னால் கிடக்கும். கீழே வரும் கணக்குக்கு அது இல்லாமல் முடியாது.

கண்டவை: அழுத்தம் 168/84. கீழறைச் சுவர் இரண்டு பக்கமும் 12 மி.மீ., உட்குழி 42 மி.மீ. அதாவது குழி விரியாமல் சுவர் மட்டும் தடித்திருக்கிறது. கீழறையின் நிறைக் குறியீடு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 112 கிராம். பெண்களுக்கு 95-ஐத் தாண்டினாலே அதிகம். இடது மேலறைக் கொள்ளளவு 38, எல்லை 34. ஈ அலை (மேலறையிலிருந்து கீழறைக்குள் முதலில் பாயும் ரத்தத்தின் வேகம்) நொடிக்கு 90 செ.மீ., திசு டாப்ளரில் சுவரின் வேகம் சராசரி 6, வகுத்தால் 15. இது 14-ஐத் தாண்டினால் மேலறை அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். வலப்பக்க வால்வான டிரைகஸ்பிட்டின் கசிவு வேகம் நொடிக்கு 2.9 மீட்டர், அதுவும் எல்லையைச் சற்றுத் தாண்டியதுதான். கீழறையின் நீள்வாக்குச் சுருக்கம் மைனஸ் 16, சுமாரானதுதான்.

இந்த இடத்திலேயே "இயல்பான ஆய்வு" என்ற வரி செத்துவிட்டது. இஎஃப் இயல்பாக இருக்கும் இதயச் செயலிழப்பு, அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு மருந்து கொடுத்திருக்கலாம். ஆனால் குத்தவைத்தால் மட்டும் ஏன் முட்டுகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பதில் இதயத்தை மட்டும் பார்த்தாலும் கிடைக்காது, தமனியை மட்டும் பார்த்தாலும் கிடைக்காது.

இரண்டு விறைப்பு

1970-களில் சுகா, சாகாவா என்ற இருவர் கீழறையை ஒரு ஸ்பிரிங் போல அளக்க வழி காட்டினார்கள்: சுருங்கி முடிக்கும் கணத்தில் அது எவ்வளவு விறைப்பாக நிற்கிறது? அதைத்தான் ஈஈஎஸ் என்கிறோம். 1980-களின் தொடக்கத்தில் சுனாகாவா தமனியையும் அதே அலகில் அளந்தார். கீழறை ஒரு துடிப்பில் தள்ளிய ரத்தத்துக்குத் தமனி எவ்வளவு அழுத்தத்தைத் திருப்பிக் காட்டுகிறது என்பதே அது, பெயர் ஈஏ. அலகு ஒன்றாக இருப்பதுதான் இதன் அழகு. தள்ளுகிறவனையும் எதிர்க்கிறவனையும் ஒரே தராசில் வைக்கலாம். ஈஏ-வை ஈஈஎஸ்-ஆல் வகுத்தால் வருவது இணைவு விகிதம். அது 1-ஐ ஒட்டி இருக்கும்போது கீழறை செய்யும் வேலை அதிகபட்சம், 0.5-ஐ ஒட்டி இருக்கும்போது செலவுக்கேற்ற சிக்கனம் அதிகபட்சம். ஆரோக்கியமானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்கும்.

ஈஏ சுலபம். ரத்தம் பெருந்தமனிக்குள் வெளியேறும் கீழறை வாசலின் விட்டம் 1.9 செ.மீ., அங்கே டாப்ளர் அலையின் கீழ்ப் பரப்பு 20 செ.மீ.; ஒரு துடிப்புக்கு 57 மி.லி., இதுதான் துடிப்பளவு. சிஸ்டாலிக் அழுத்தத்தில் 0.9 பங்கு, அதாவது 151, சுருக்கம் முடியும்போதுள்ள அழுத்தம் என்று வைத்துக்கொள்கிறோம். 151-ஐ 57-ஆல் வகுத்தால் 2.65. விட்டத்தை 1.9-க்குப் பதில் 2.0 என்று அளந்திருந்தால் ரத்தத்தின் அளவு 11 சதவீதம் கூடியிருக்கும். வர்க்கம் போடுகிற இடம், அதனால் மூன்று துடிப்பில் அளந்து சராசரி எடுத்தேன். 2.65 என்பதில் ஒரு பகுதி அவரது சின்ன உடம்புக்கும் உரியது என்பதை மறக்கக் கூடாது. சின்ன இதயம் குறைவாகத்தான் தள்ளும், ஈஏ தானாகக் கூடித் தெரியும்.

ஈஈஎஸ்-தான் தொந்தரவு. குறுக்குவழி ஒன்று உண்டு: சுருங்கியபின் உள்ளே மிஞ்சிய 32 மி.லி.யைத் தள்ளிய 57-ஆல் வகுத்தால் 0.56, அதுவே விகிதம் என்று சிலர் எழுதுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் ரத்த அழுத்தம் மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது இஎஃப்-ஐத் திருப்பிப் போட்ட எண். புதிதாக ஒன்றும் சொல்லாது. இஎஃப் ஏமாற்றிய நோயாளியிடம் இஎஃப்-க்கு மாறுவேடம் போட்டு மறுபடி ஏமாறுவானேன்?

நான் பயன்படுத்தியது 2001-ல் சென் குழுவினர் வெளியிட்ட ஒற்றைத் துடிப்பு முறை. ஐந்து பொருள் வேண்டும்: மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், துடிப்பளவு, இஎஃப், அப்புறம் ஒரு நேர விகிதம். ஈசிஜியில் ஆர் அலை தொடங்கியதிலிருந்து வாசலில் ரத்தம் வெளியேறத் தொடங்கும் வரை எத்தனை மில்லிநொடி, வெளியேறி முடியும் வரை எத்தனை. இவருக்கு 70, 370. சூத்திரம் ஏழடுக்குப் பல்லுறுப்புக் கோவை. கையால் போட்டால் தப்பு வரும், ஒரு ஷீட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். விடை 3.0.

சரி, 2.65-ஐ 3.0-ஆல் வகுத்தால் 0.88. மிக நல்ல விகிதம்! பாடப்புத்தகத்தில் போடலாம். அரைமணி நேரம் வேலை செய்து, "இணைவு இயல்பு" என்று இன்னொரு இயல்பைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

இங்கேதான் நான் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டுமே வழக்கமாக 2-ஐ ஒட்டி இருப்பவை. இவருக்கு இரண்டும் மேலே. தமனி இறுகியது, அதற்கு ஈடுகொடுத்துக் கீழறையும் இறுகியது. ஊரில் இரண்டு பங்காளிகள் வருடக்கணக்காக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் விறைத்துக்கொண்டு நின்றால், வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சண்டையே இல்லாதது போலத்தான் இருக்கும். 2003-ல் கவாகுச்சி, காஸ் குழுவினர் இஎஃப் இயல்பான செயலிழப்பு நோயாளிகளிடம் இந்த இரட்டை விறைப்பை உள்ளே குழாய் விட்டு அளந்து காட்டினார்கள். வயதாக ஆக இரண்டும் கூடுகின்றன, பெண்களுக்கு இன்னும் செங்குத்தாக, என்று 2005-ல் ரெட்ஃபீல்டு குழுவின் சமூக ஆய்வு சொன்னது. இரண்டு விறைத்த ஸ்பிரிங்குகள் மோதும் இடத்தில் கொஞ்சம் ரத்தம் கூடினாலே அழுத்தம் எகிறும். கொஞ்சம் குறைந்தாலே சரியும். நீர் மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, போடாவிட்டால் முட்டுகிறது என்று அவர் பிறகு சொன்னதற்கும் இதுவே விளக்கம்.

தமனி உண்மையிலேயே இறுகியதா, இல்லை அன்றைய அழுத்தம் மட்டுமா? தனிக் கருவி எங்களிடம் இல்லை. அதே புரோபை மாற்றிக் கழுத்துத் தமனியிலும் தொடைத் தமனியிலும் வைத்து, ஆர் அலையிலிருந்து அலை அடி எழும் நேரத்தை எடுத்தோம். வித்தியாசம் 38 மில்லிநொடி. இரண்டு இடத்துக்கும் டேப்பில் 54 செ.மீ.; அதில் 0.8 பங்கை எடுப்பது வழக்கம், 43 செ.மீ. நொடிக்கு சுமார் 11.4 மீட்டர். 10-க்கு மேல் என்றால் இறுகிய குழாய்.

மகளிடம் இதை இப்படிச் சொன்னேன்: "தோட்டத்து மோட்டார்ல ரப்பர் ஹோஸ் மாட்டுனா, மோட்டார் தள்ளும்போது ஹோஸ் கொஞ்சம் உப்பி வாங்கிக்கும், அப்புறம் மெதுவா விடும். இரும்புப் பைப் மாட்டுனா ஒவ்வொரு தள்ளும் மோட்டார் மேலயே திருப்பி இடிக்கும். அம்மாவுக்குப் பைப் இரும்பாயிருச்சு. மோட்டார் கெடல, ஆனா இடி வாங்கி வாங்கி அதுவும் இறுகிப்போச்சு." இது என் சொந்த உவமை இல்லை. ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-லேயே தமனியின் மீள்தன்மையைத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறையோடு ஒப்பிட்டார். 1899-ல் ஆட்டோ ஃபிராங்க் அதைக் கணக்காக்கினார். கம்பத்துக்காக ஹோஸை மட்டும் நான் மாற்றினேன்.

குத்தவைத்தபோது

முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், காய் எடுக்கிற மாதிரியே உட்காரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், கை தன்னால் தரையைத் துழாவியது. இரண்டு நிமிடத்தில் 198/94. பேச்சு வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது.

அந்த நிலையில் எக்கோ எடுக்க முடியாது. அதனால் மறுபடி படுக்கவைத்து, தமனிப் பாரத்தை வேறு வழியில் கூட்ட, ரத்த அழுத்தக் கஃப்பைச் சுருட்டி லேசாகக் காற்றடித்துக் கையில் கொடுத்தேன். முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நிமிடம்: 206/96, நாடி 92. வாசலில் டாப்ளர் 20-லிருந்து 17.5-க்கு இறங்கியது, துடிப்பளவு 57-லிருந்து 50. ஈஏ 3.7. ஈஈஎஸ் 3.4-தான். விகிதம் 0.88-லிருந்து 1.1-க்கு நகர்ந்தது. ஈ அலை வகுத்தல் 15-லிருந்து 19.

தமனிப் பக்கம் 40 சதவீதம் கூடியது, கீழறைப் பக்கம் பதின்மூன்று சதவீதம்தான் கூடியது. ஓய்வில் விறைப்பையெல்லாம் செலவழித்துச் சமன்செய்துவிட்டதால், பாரம் கூடும்போது எடுத்துக்கொடுக்கச் சேமிப்பு இல்லை. தள்ள முடியாதது பின்னால் தேங்கி நுரையீரலில் அழுத்தமாகிறது. சுவர் அசைவில் புதுக் குறை எதுவும் வரவில்லை, ஈசிஜி மாறவில்லை. இதயக் குழாய் அடைப்பை இது முழுவதுமாக விலக்கிவிடாது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

மருந்து

இவர் ஒருவருக்காக எடுத்த முடிவு இது. அப்படியே யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டெனலாலை இரண்டு வாரத்தில் பாதியாக்கி நிறுத்தினேன். திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து. இறுகிய தமனிக்கு அது பொருத்தமில்லை என்பது என் கருத்து. 2006-ல் வந்த கேஃப் ஆய்வில், கையில் அளந்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தும், பெருந்தமனியில் சிஸ்டாலிக் அழுத்தம் அம்லோடிபின் வழியில் அட்டெனலால் வழியைவிட 4.3 மி.மீ. குறைவாக இருந்தது. இதயம் பார்ப்பது பெருந்தமனியை, கையை அல்ல. அட்டெனலாலுக்குப் பதில், ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை. கூடவே டாபாகிளிஃப்ளோசின் 10. இஎஃப் இயல்பான செயலிழப்பில் அதற்குப் பலன் உண்டு என்று 2022-ல் டெலிவர் ஆய்வு காட்டியது.

அதுவும் சிறுநீரைக் கூட்டும் மருந்துதான். அதனால் நேரத்தை மாற்றினேன்: எல்லாமே மாலை நாலு மணிக்கு, ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபின். அந்த ஒரு மாற்றத்துக்காக மகள் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கருவாட்டை வாரத்துக்கு ஒரு நாள் என்று பேரம் பேசி முடித்தோம். இரண்டாவது வாரம் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்தோம், சரியாக இருந்தன.

நான்கு மாதம் கழித்து

அழுத்தம் 136/78. டாப்ளர் 22, துடிப்பளவு 62. ஈஏ 1.97. ஈஈஎஸ் 2.3. ஈ அலை வகுத்தல் 11. கஃப்பைப் பிடிக்கச் சொன்னபோது 162/86 வரை போனது, ஈஏ 2.4-ல் நின்றது, ஈ அலை வகுத்தல் 13-ஐத் தாண்டவில்லை. காய் எடுக்கும்போது முட்டுவது "எப்பவாச்சும்" என்றார்.

விகிதம்? 0.86. முன்பு 0.88.

எக்கோவின் அளவுப் பிழைக்குள் அடங்கிவிடும் வித்தியாசம் அது. விகிதத்தை மட்டும் எழுதியிருந்தால், நான்கு மாதத்தில் இவருக்கு எதுவுமே நடக்கவில்லை என்று ஆகியிருக்கும். அதனால் இப்போது ரிப்போர்ட்டில் விகிதத்தை எழுதும்போது மேலெண்ணான ஈஏ, கீழெண்ணான ஈஈஎஸ், அன்றைய அழுத்தம் மூன்றையும் பக்கத்திலேயே எழுதுகிறேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட சந்தேகம் ஒன்றும் உண்டு. ஒற்றைத் துடிப்புச் சூத்திரத்துக்குள் ரத்த அழுத்தம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. எனவே ஈஈஎஸ் 3.0-லிருந்து 2.3-க்கு இறங்கியதில் கீழறை உண்மையில் தளர்ந்தது எவ்வளவு, அழுத்தம் குறைந்ததால் கணக்கு குறைந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. சுவர் இன்னும் 12 மி.மீ.தான். கழுத்து-தொடை வேகம் 10.2. குழாய் ரப்பராகிவிடவில்லை, குறைந்த அழுத்தத்தில் குறைவாக இழுபட்டு நிற்கிறது, அவ்வளவே.

புது ரிப்போர்ட்டை வாங்கிய மகள் முதலில் தேடியது பழைய வரியைத்தான். "பம்பிங் 66-ன்னு போட்டிருக்கு. நாலு கூடியிருக்குல்ல சார்?" என்றார். அது இரண்டு மெஷினுக்கும் இரண்டு கைக்கும் இடையிலான வித்தியாசம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டு, "அது கெடக்கட்டும், நேத்து ஒரு தூர்ல உக்காந்தா எந்திரிக்காம முடிச்சேன்" என்றார்.

அடுத்த எக்கோவுக்குக் காலையில் வர வேண்டாம், வேலை நாளில் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வாருங்கள், மாத்திரை போடும் முன், என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.